காணிக்கைக் கவரில் நான் எழுதிய வார்த்தை

தூத்துக்குடி
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஜெனிலாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் சுகம். மாடியில் துணி காயப்போடும்போது தோள் பிடிப்பது தவிர எனக்கு வேறு குறை இல்லை. மும்பையில் உன் சுகத்தையும், குறிப்பாக உன் இடது கால் பெருவிரல் நகத்தின் சுகத்தையும் அறிய ஆசை. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். பேச்சில் எனக்கு எதுவும் முழுசாக வராது, அதுவும் பக்கத்தில் உன் பெரியப்பா இருந்தால் சாப்பிட்டியா தூங்கினியா என்பதோடு நின்றுவிடும். அதனால் ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரியப்பா உன் போனுக்கு அனுப்பியிருக்கிற வெள்ளிக்கிழமை டிக்கெட்டில் நீ ரயில் ஏறாதே. மீதியைப் பொறுமையாகப் படி.

நீ அங்கே பாலே நடனம் படிப்பதை மறைத்து, பிசியோதெரபி படிக்கிறாய் என்று பெரியப்பா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தது உனக்குத் தெரியும். அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு, அதை மறைக்க மாட்டேன். கோயிலில் யாராவது மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டால் பெரியப்பா பதில் சொல்வார், நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். ஒரு வருஷம் ஆட்டினேன். போன மாதம் நீ ஸ்டேட்டஸில் வைத்தாயே, ஒற்றைக் கால் நுனியில் நின்று மறுகாலைப் பின்னால் நீட்டிய போட்டோ, அராபெஸ்க் என்று பெயர் சொன்னாயே, அது போன வாரம் நாசரேத்தில் அவர் உனக்குப் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளை வீடு வரைக்கும் போய்விட்டது. அன்று சாயங்காலமே பெரியப்பா வந்து, இது என்ன கோலம், துணி கால்வாசிதான் இருக்கு, பிள்ளையைக் கூட்டிட்டு வந்திருவோம், ரெண்டாம் வருஷம் கிடையாது, அடுத்த வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டுட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காபி ஆற்றினேன். ஆற்றிய காபியைக் கொடுக்கக்கூட மறந்துவிட்டேன்.

அன்றிலிருந்துதான் இந்த பாலே எங்கிருந்து வந்தது என்று படிக்க ஆரம்பித்தேன். பி.ஏ. வரலாறு படித்தவள், இத்தனை நாள் அந்தப் படிப்பு கப்பல் சரக்குப் பேப்பர் நிரப்புவதற்குத்தான் உதவியது. இத்தாலியில் பிரபுக்கள் வீட்டுக் கல்யாண விருந்துகளில் ஆடியதாம், அங்கிருந்து பிரான்ஸ் அரண்மனைக்குப் போயிற்றாம். பதினான்காம் லூயி என்ற ராஜா தானே சூரியன் வேஷம் போட்டு ஆடியிருக்கிறார், 1661-ல் நடனத்துக்கென்று ஒரு கழகமே வைத்திருக்கிறார். அதனால்தான் நீ சொல்கிற ப்ளியே, ரெலவே, ஜெத்தே என்ற அசைவுப் பெயரெல்லாம் இன்றைக்கும் பிரெஞ்சில் இருக்கிறது. இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. அதற்கப்புறமும் இருபது வருஷம் போல அங்கே பொது மேடையில் பெண்கள் கிடையாது. பெண் பாத்திரத்தையும் ஆண்களே முகமூடி போட்டு ஆடினார்கள். பிறகு பெண்கள் ஏறினார்கள், ஆனால் தரை வரைக்கும் பாவாடை. கமார்கோ என்ற ஒருத்தி, நான் காலால் செய்கிற வேலை யாருக்கும் தெரியவில்லையே என்று பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றி வெட்டிக்கொண்டாளாம். ஊரே வாயில் கை வைத்ததாம். அவளுக்கும் டிக்கெட் போட்டு வைத்த ஒரு பெரியப்பா இருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நம்ம பெரியப்பா ஒவ்வொரு தசராவுக்கும் தன் சாத்தான்குளம் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குலசை அம்மன் கோயிலுக்கு வேஷம் கட்டிப் போகிற ஆம்பளைகளைப் பார்த்து என்னமா ஆடுதான் பாரு என்று ரசிக்கிறவர்தான். சேலை கட்டி மீசையோடு ஆடுகிறவன் அவருக்குக் கலைஞன். எம் மவள் ஆடினால் மட்டும் மானம் போகிறதா.

ஆபீஸில் சுடலைச்செல்விக்கு உன் போட்டோவைக் காட்டினேன். இனி மறைக்கப் போவதில்லை என்று அவளிடம்தான் தொடங்கினேன். அவள் கண்ணாடியைப் போட்டு நல்லாப் பார்த்துவிட்டு, ஏளா, ஒத்தைக் கால்ல நிக்கதுக்கு மும்பை வரைக்கும் போணுமா, எங்க வயக்காட்டுக் கொக்கு பள்ளிக்கூடம் போகாமலே நிக்கி என்றாள். பிறகு போனைத் திருப்பித் தராமலே, கொக்குக்கு இந்தச் சிரிப்பு வராது என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். நீ முதல் வருஷம் தேறியதற்கு ஸ்தோத்திர காணிக்கை வைக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் நேர்ந்திருந்தோம். கவரின் மேல் என் கையால், எங்கள் மகள் ஜெனிலா பாலே நடனப் பயிற்சியில் முதலாம் ஆண்டு தேறியதற்காக என்று எழுதி, முந்தின நாளே கோயில் ஆபீஸில் கொடுத்துவிட்டேன். அறிவிப்புகளைப் பார்த்துச் சரி செய்து கொடுப்பது கமிட்டி செயலாளர் வேலை, செயலாளர் யார், உன் பெரியப்பா. இது எனக்கு நினைவில்லாமல் இல்லை. ஆராதனையில் உபதேசியார் சத்தியராஜ் ஒவ்வொரு கவராக வாசித்து நம் கவருக்கு வந்தார். நேசக்குமார், ஜெபசெல்வி குடும்பத்தார், தங்கள் மகள் மேற்படிப்பில் தேறியதற்காக என்றார். நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. முன் பெஞ்சின் முதுகைப் பிடித்திருந்தேன், நீங்கள் எல்லோரும் பிடித்துக்கொண்டு பழகுகிற அந்தக் கட்டைக்கு ‘பார்’ என்று பெயர் சொன்னாயே, அதைப் பிடிப்பது போல. குதிகால் தரையில் இல்லை. ஐயா, மேற்படிப்பு இல்லை, பாலே நடனம், கவரில் அப்படித்தான் எழுதினேன் என்றேன். உபதேசியார் கவரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். சிவப்பு மையால் அடித்து மேலே மேற்படிப்பு என்று எழுதியிருந்ததாம். அவர் நல்ல மனுஷன், அடித்ததற்குக் கீழே இருந்ததை நிதானமாக எழுத்துக்கூட்டி, பாலே நடனப் பயிற்சியில் என்று மறுபடி வாசித்தார். சபைக் குருவான ஐயர் பழக்கதோஷத்தில் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றார், சபை முழுக்க ஆமென் என்றது. பெரியப்பா உதடு மட்டும் அசையவில்லை, நான் பார்த்தேன்.

வாசலில் அவர் என்னிடம், குடும்ப மானத்தைக் கப்பலேத்திட்டியே என்றார். பதில் எனக்கு வீட்டுக்கு வரும்போது பாதி வழியில்தான் வந்தது. பதினோரு வருஷமாகக் கப்பலேற்றுவதுதான் எனக்கு வேலை, எதற்கு என்ன பேப்பர் வேண்டும் என்று எனக்குத் தெரியும், இதற்கு உங்கள் கையெழுத்து தேவையில்லை என்று சொல்லியிருக்கலாம். இப்போது உன்னிடம் சொல்லிவிட்டேன். சில பேர் முகம் திருப்பிக்கொண்டு போனார்கள். ஜெர்லின் அக்கா மட்டும் வந்து, பெருவிரல் நுனியிலயே நிக்காளாமே, வலிக்காதா என்று கேட்டாள். வலிக்கும் என்றேன். வீட்டில் செருப்பைக் கழற்றும்போது அப்பா, நீ செஞ்சது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல, ஆனா கோயில்ல உன் சத்தத்தை இன்னைக்குத்தான் கேக்கேன் என்றார். அவரை நம்பி நீ எதையும் முடிவு செய்ய வேண்டாம், அவருக்கு இன்னும் கொஞ்சம் நாள் ஆகும். நாசரேத்துக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நல்லது.

குதிப்பதற்கு முன்னாலும் முழங்கால் மடங்க வேண்டும், இறங்கும்போதும் மடங்க வேண்டும், இல்லாவிட்டால் மூட்டு போய்விடும், அதுதான் ப்ளியே என்று சொன்னாய். அந்த இறங்குகிற மடக்கை மறந்துவிடாதே, ஆத்திரத்தில் ஆடாதே. நகம் பெயர்ந்த விரலை ஈரத்தோடு ஷூவுக்குள் விடாதே. என் அப்பா, உன் தாத்தா, உப்பளத்தில் நின்று காலில் உப்பு அறுத்த வெடிப்போடுதான் என்னைக் காலேஜில் கொண்டுபோய் விட்டார், உப்பு சுமக்கிறவன் மகளுக்கு எதுக்குப் பட்டம் என்று அன்றைக்கும் ஆள் இருந்தது கேட்க. அவருடைய காலுக்கு அப்புறம் நகம் பெயர்ந்த உன் கால் போட்டோவைப் பார்த்துத்தான் அழுதேன். பெரியப்பா போன் செய்தால் மரியாதையாகப் பேசு, ஆனால் ரெண்டாம் வருஷம் சேர்ந்துவிட்டேன் என்று சொல். சேர்ந்துவிட்டுச் சொல்.

காணிக்கையை எடுத்த பிறகு காலிக் கவரை உபதேசியாரிடம் கேட்டு வாங்கி வைத்தேன், இதோடு கூரியரில் அனுப்புகிறேன். வெளிச்சத்தில் பிடித்தால் சிவப்புக் கோட்டுக்கு அடியில் என் எழுத்து தெரியும். கர்த்தர் உன் கால்களைத் தள்ளாடாமல் காப்பார். வெள்ளிக்கிழமை ரயில் நீ இல்லாமல் வரட்டும். பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போட எனக்கு எப்போதும் கூச்சம், கல்யாணப் பத்திரிகையில்கூடப் போட விடவில்லை. இன்றைக்குப் போடுகிறேன்.

உன்னைப் பெற்றவள்,
நே. ஜெபசெல்வி, பி.ஏ.