சம்பந்தி வீட்டை விசாரித்தது

மார்ச் 2, 2004. செவ்வாய்

காலையிலிருந்து பனித்தூறல். செவன் கிங்ஸ் ஸ்டேஷனில் இருபது நிமிடம் நின்றதில் கால் விறைத்துவிட்டது. கையுறை மறதி.

இன்று லீவு. இஸ்லிங்டனில் பழைய பதிவேடுகள் வைத்திருக்கும் கட்டிடத்துக்குப் போனேன். மனைவி பவானிக்குத் தெரியும். அவவும் அவவின் தமையன், வெம்பிளி மச்சானும்தான் அனுப்பினார்கள். மகள் அபிக்குச் சொல்லவில்லை.

அபி டானியல் ஹேவார்ட்டைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறாள். இருபத்தேழு வயது, பார்மசிஸ்ட், பிடித்தால் பிடிதான். பெடியனில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. வருகிறான், சப்பாத்தைக் கழற்றுகிறான், பவானியின் கத்தரிக்காய்க் குழம்பை மூக்கு ஒழுக ஒழுகத் தின்கிறான். ஆனால் மச்சான் போனில்: "எல்லாம் சரி, என்ன ஆக்கள்? விசாரிச்சனீரே?"

ஊர் என்றால் சுலபம். சைக்கிளை எடுத்தால் இரண்டு தேத்தண்ணிக்குள் மூன்று தலைமுறையும் வந்துவிடும். பெடியனின் ஆட்கள் சஃபோக்கில் ஒரு கிராமம், அங்கே யாரைப் போய்க் கேட்பது? ஸ்டோரில் என்னோடு பெட்டி தூக்கும் கெவின்தான் இந்த இடத்தைச் சொன்னான். வெள்ளைக்காரரே தங்கள் பரம்பரையைத் தேடி இங்கே வருவார்களாம்.

சிவப்புப் புத்தகம் பிறப்பு. பச்சை கலியாணம். கறுப்பு சாவு. ஒவ்வொன்றும் அரிசி மூட்டைக் கனம். டானின் தகப்பன் பீட்டர், லொறி ஓட்டினவர், இப்போது இல்லை. அவருடைய தகப்பன் ஜோர்ஜ். இரண்டும் கிடைத்தது. கண்டதை ஒரு தனிக் கொப்பியில் இங்கிலீசிலேயே எழுதிக்கொண்டேன். ஜோர்ஜின் பிறப்புப் பத்திரத்துக்கு எழுதிக் கொடுத்தேன்.

உள்ளதைச் சொல்கிறேன், இதை யார் பார்க்கப்போகிறார்கள். ஏதாவது பிழையாக அகப்பட்டால் நல்லது என்றுதான் போனேன். நான் வாய் திறக்காமலே கலியாணம் நின்றுவிடும் அல்லவா.

மார்ச் 6. சனி

வெயில், ஆனால் சூடு இல்லாத வெயில். தோள் உளைச்சல். சித்தாலேப பூசினேன்.

டான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். நான் ஒன்றும் தெரியாதவன்போல, "தம்பி, உங்கட பேரனார், அப்பாவின்ர தகப்பன், என்ன வேலை?" என்று கேட்டேன். தோட்டக்காரராம், பெரிய வீடொன்றில். "அதுக்கு முந்தி?" சிரித்தான். தெரியாதாம், அப்பாவுக்கும் தெரியாதாம், கேட்டால் கிழவன் எழும்பி வெளியே போய்விடுவாராம். அபி என்னை ஒரு பார்வை பார்த்தாள். சோற்றில் கண்ணை வைத்துக்கொண்டேன்.

வாங்க வேண்டியது: கருவாடு, மிளகாய்த்தூள், பவானியின் பிரஷர் மாத்திரை.

மார்ச் 9. செவ்வாய்

ஜோர்ஜின் பிறப்புப் பத்திரம் தபாலில் வந்தது. தகப்பன் வில்லியம் ஹேவார்ட், பண்ணைக் கூலி. அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி இஸ்லிங்டன்.

குடிசன மதிப்பை, வீடு வீடாக ஆட்களை எண்ணி எழுதின பதிவை, பிலிமில் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். தலை கிறுகிறுக்கிறது. அந்தக் கிராமத்தில் ஹேவார்ட் என்று பத்து வீடு. எல்லோருக்கும் ஒரே தொழில். கூலி, கூலி, கூலி. எட்டு வயதுப் பிள்ளைக்கு எதிரே "காகம் கலைக்கிறவன்" என்று எழுதியிருக்கிறது. அதுவும் ஒரு தொழில் என்று அரசாங்கம் பதிந்திருக்கிறது.

பக்கத்து மெஷினில் ஒரு கிழவி, தன் ஆட்களில் ஆடு திருடினவன் ஒருவன் அகப்பட்டான் என்று துள்ளுகிறா. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அவவுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முதல் மச்சான் போன். "சாதி எந்தக் கட்டத்தில போட்டிருக்கு?" "அப்பிடி ஒரு கட்டம் இல்லை மச்சான். தொழில் மட்டும்தான்." "அப்ப அதுதான் அது. என்ன தொழில்?" பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

மார்ச் 16. செவ்வாய்

வில்லியத்தின் பிறப்புப் பத்திரம் வந்தது. 1880. தாய் எலைசா ஹேவார்ட், வேலைக்காரி. தகப்பன் என்ற கட்டத்தில் ஒரு கோடு. பிறந்த இடம் வேர்க்ஹவுஸ். ஏழைபாழைகளை அடைத்து வேலை வாங்குகிற மடம்.

நான் தேடிப்போனது இதுதான். கையில் வந்துவிட்டது. ஒரு சந்தோசமும் இல்லை. சாப்பிடவும் மனம் வரவில்லை.

பின்னேரம் மறுபடி போனேன். அடுத்த வருடக் குடிசன மதிப்பு: வேர்க்ஹவுஸ் பட்டியலில் எலைசா, பத்தொன்பது வயது. வில்லியம், எட்டு மாதம். அங்கிருந்து மூன்று மைலில் தகப்பன் ஜோன் ஹேவார்ட்டின் வீடு. ஜோன், மனைவி, ஐந்து பிள்ளைகள். வீட்டில் மகளுக்கு இடமில்லை.

பத்து வருடம் கழித்து அதே வீட்டில் வில்லியம். உறவு: பேரன். எலைசா இல்லை. கறுப்புப் புத்தகங்களை ஒவ்வொன்றாக இறக்கினேன். இருபத்துமூன்று வயதில் செத்திருக்கிறாள்.

மகள் போன பிறகுதான் பேரனை எடுத்தானா? இல்லை, முதலே போய்க் கூப்பிட்டு அவள் வரமாட்டேன் என்றாளா? எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. மூடுகிறோம் என்று மணி அடிக்கும்வரை இருந்தேன். ஜோன் எனக்கு யார்? அவனை நினைத்து ரெயிலில் கண் கலங்கிக்கொண்டு வந்தேன். வெட்கக்கேடு.

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். கூலிக்காரன் மூலத்தையும் சேர்த்திருக்கலாம்.

தீர்மானம்: மச்சானுக்கு ஒன்றும் சொல்வதில்லை. "நல்ல ஆக்கள், தோட்டம் துரவு" என்று முடிக்கப்போகிறேன்.

மார்ச் 18. வியாழன்

எல்லாம் போச்சு.

நான் வேலைக்குப் போன நேரம் பவானி அந்த இஸ்லிங்டன் கொப்பியை எடுத்துத் தமையனுக்குப் போனில் வாசித்திருக்கிறா. ஒரு வரி விடாமல். வேலை முடிந்து வந்தால் அவவே சொல்கிறா: "இஞ்சாருங்கோ, கோவிக்காதேங்கோ. அண்ணை விடாமல் கேட்டவர். நான் என்ன செய்யிறது?" "நான் சொல்லுவன் எண்டுதானே இருந்தனான்." "நீங்கள் சொல்லமாட்டியள். எனக்குத் தெரியாதே உங்களை?" அது உண்மை. கத்தவும் முடியவில்லை.

மச்சான் தீர்ப்புச் சொல்லிவிட்டார். தகப்பன் பேர் தெரியாத வம்சத்தில் பெண் கொடுப்பதென்றால் தன் பக்கத்தில் ஒருவரும் வரமாட்டார்களாம். இதற்குள் வெம்பிளி முழுக்கத் தெரியும். டூட்டிங்கில் இருக்கும் பவானியின் சித்தி மகள் துக்கம் விசாரிப்பதுபோல் போன் எடுத்தா.

கொப்பியை எரிக்க நினைத்தேன். எரிக்கவில்லை. எலைசாவைப் பற்றி வேறு யாரிடம் இருக்கிறது?

மார்ச் 20. சனி

காற்று. பின்வேலி சரிந்துவிட்டது.

அபிக்கு எல்லாவற்றையும் மச்சானின் மகள் சொல்லிவிட்டாள். அபி கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

"அப்பா, எத்தினை நாள் போனீங்க?"

"மூண்டு தரம்."

"என்னட்டை ஒரு தரம் கேட்டனீங்களா? டானிட்டை? அவன் உங்கட டேபிள்ல இருந்து சாப்பிட்டவன்."

கண்டதை மச்சானுக்குச் சொல்லாமல் விடத்தான் நினைத்தேன் பிள்ளை என்றேன். அது எவ்வளவு மொக்கையாகக் கேட்டது என்பது சொல்லும்போதே தெரிந்தது. "முதல்ல ஏன் போனீங்க?" என்றாள். பதில் எனக்குத் தெரியும். பவானி நடுவில் அழத் தொடங்கினா. அபி இரண்டு பேக்கில் உடுப்பை அடுக்கினாள். டான் காரோடு வந்தான். எனக்கு "ஹலோ" சொன்னான், பாவம், பழக்கத்தில்.

நான் பேக்கைத் தூக்கிக் காரில் வைத்தேன். வேறு என்ன செய்ய?

மார்ச் 25. வியாழன்

ஸ்டோரில் பால் பெட்டி கையிலிருந்து விழுந்தது. கெவின் துடைத்துவிட்டான்.

அபிக்கு ஒன்பது தரம் போன் எடுத்தேன். மெசேஜில் என்ன சொல்வது என்று தெரியாமல் வேலி திருத்தியாயிற்று என்று சொல்லி வைத்தேன். திருத்தவில்லை.

பவானி கோயிலுக்கு நேர்த்தி வைக்கிறா. மச்சான் போன் எடுப்பதில்லை. நல்லது.

மார்ச் 28. ஞாயிறு

மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ள வேண்டிய நாள். அடுப்பிலிருக்கும் மணிக்கூட்டை மாற்ற அபிக்குத்தான் தெரியும்.

பின்னேரம் போன். மார்கரட், டானின் தாய், சஃபோக்கிலிருந்து. இதுவரை இரண்டு தரம்தான் பேசியிருக்கிறோம். தலையைக் கொடுக்கத் தயாராகத்தான் போனை எடுத்தேன்.

அவ நன்றி சொல்கிறா! அபி கொப்பியைக் கொண்டுபோயிருக்கிறாள். டானின் குடும்பத்தைத் தேடினேன் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறாள், ஏன் என்று சொல்லவில்லை. மார்கரட் இரண்டு தரம் வாசித்தாவாம். பீட்டர் சாகும்வரை தன் பாட்டனைப் பற்றி அறிய ஆசைப்பட்டவராம். "எங்களுக்காக ஒருவரும் இவ்வளவு சிரமப்பட்டதில்லை" என்றா. ஜோனின் வீடு இருந்த பாதை அவவுக்குத் தெரியுமாம், வந்தால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவாவாம். ஏன் தேடினீர்கள் என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், சத்தியமாகச் சொல்லியிருப்பேன். அவ பாட்டுக்கு நன்றி சொல்லச் சொல்ல, நான் ஓம் என்றும் நோ என்றும் மாறி மாறி.

கடைசியில், "அபி இங்கேதான் நிற்கிறாள், உருளைக்கிழங்கு சீவுகிறாள். பேசுகிறீர்களா?"

ஓம் என்றேன்.

போனை மேசையில் வைக்கும் சத்தம். கதிரை இழுபடும் சத்தம். மெல்லிய குரலில் இரண்டு பேர் பேசுகிறார்கள், சொல் பிடிபடவில்லை. பவானி வந்து என் தோளோடு சாய்ந்து போனில் காதை வைத்தா. எவ்வளவு நேரம் என்று தெரியாது.

மார்கரட் திரும்பி வந்தா. குரல் மாறிவிட்டது. அபி இப்போதுதான் வெளியே போனாளாம், கடைக்கு.

பின்னால் அபி இருமினாள். சின்ன வயதிலிருந்து அவளுக்கு அழுகை வந்தால் அந்த இருமல்தான் வரும்.

பரவாயில்லை, வந்ததும் நான் எடுத்தேன் என்று சொல்லுங்கள் என்றேன். மார்கரட் சொல்கிறேன் என்றா.