வியன்னாவிலிருந்து உனக்கு அனுப்பிய படங்கள்

என் ஆசை அக்காவுக்கு,

கோபத்தில்தான் எழுதுகிறேன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டே ஆரம்பிக்கலாமா என்றுகூடப் பார்த்தேன், மனசு வரவில்லை. நீ போய் நாற்பது நாளாகிறது. இன்று மேடம் வீட்டில் எல்லோரும் விருந்துக்குப் போய்விட்டார்கள். இஸ்திரி போட வேண்டிய துணியை ஒரு பக்கம் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆறு வருஷமாக நான் இங்கே ஷார்ஜாவில் இவர்கள் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அங்கே தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் நீ என் பிள்ளையைப் பார்த்தாய். கவிதாவுக்கு இப்போது பதினொரு வயது. என்னைவிட உன்னைத்தான் அவளுக்கு அதிகம் தெரியும்.

நீ ஆஸ்பத்திரியில் படுத்தபோதே மேடத்திடம் லீவு கேட்டேன். வியன்னா பயணம் முடியட்டும், வந்ததும் போய்க்கொள் என்றார். சின்னக்குழந்தை என்னைவிட்டு யாரிடமும் போகாது, அதனால் முதல் தடவையாக என்னையும் கூட்டிப்போனார்கள். நீ வீட்டுக்கு வந்ததும் உன்னிடம் சொன்னபோது என்ன சொன்னாய்? "போடி, எனக்கு ஒண்ணும் ஆகாது. நம்ம தோட்டத்துல எவ ஐரோப்பா பாத்திருக்கா? போயி படம் அனுப்பு." நானும் நம்பினேன். நம்பவேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது, அக்கா. அதை மறைக்கப் போவதில்லை.

சனிக்கிழமை காலையில் போய் இறங்கினோம். ஐந்து பேர் குடும்பம், எட்டுப் பெட்டி, நான். இங்கே எங்கே போனாலும் வாசலிலேயே கார் நிற்கும். அங்கே ட்ராமில் ஏறி, டிக்கெட்டை எந்த மிஷினில் குத்துவது என்று தெரியாமல் ஐயாவும் மேடமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஷார்ஜாவில் அதட்டிக்கொண்டே இருக்கிற மனுசன், வேற்றூரில் குழந்தை மாதிரி முழிக்கிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதை உனக்கு வாய்ஸ் மெசேஜில் சொல்லி அனுப்பினேன்.

தெருவெல்லாம் கருங்கல். தள்ளுவண்டிச் சக்கரம் பத்தடிக்கு ஒருதரம் மாட்டிக்கொள்ளும், வண்டியைக் குழந்தையோடு தூக்கிக்கொண்டு நடந்தேன். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்று நாங்கள் தங்கிய வீட்டின் சொந்தக்காரி சொல்லியும் மேடம் நம்பவில்லை, கொதிக்கவைக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கடையெல்லாம் பூட்டு. குழந்தைக்குப் பால்மா தேடி ரயில் ஸ்டேஷன் வரைக்கும் போனேன். இதெல்லாம் உனக்குச் சொன்னேனே. ஒவ்வொன்றுக்கும் உன் போனிலிருந்து கவிதா பதில் அனுப்பினாள். "பெரியம்மா கேட்டாங்கம்மா, சிரிச்சாங்க." நான் கூப்பிட்டால் மட்டும், "பெரியம்மா தூங்குறாங்கம்மா."

அந்த ஞாயிறு மத்தியானம் ஒரு பெரிய அரண்மனைக்குப் போனோம். எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுப்பது என் வேலை. மூத்த பெண் நூரா என்ன நினைத்தாளோ, போனைப் பிடுங்கி என்னை ஒரு படம் எடுத்தாள். பூச்செடிகளுக்கு நடுவில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். எடுத்த நேரம் பன்னிரண்டரை. நம் ஊரில் அப்போது சாயந்தரம் நாலு மணி. உன்னைக் குழிக்குள் இறக்கிய நேரம். உன் போனுக்குத்தான் அந்தப் படத்தை அனுப்பினேன்.

கவிதா என்ன எழுதினாள் தெரியுமா? "பெரியம்மா நல்லா இருக்குன்னாங்க."

செவ்வாய்க்கிழமை காலை. சமையலறையில் முட்டை வெந்துகொண்டிருந்தது. எப்படியாவது உன் முகத்தைக் காட்டு என்று கவிதாவை வீடியோவில் பிடித்தேன். சிக்னல் இல்லை என்று சாக்குச் சொன்னாள். வெளியே போய்ப் பேசு என்று அதட்டினேன். போனைத் தூக்கிக்கொண்டு மேட்டுப்பக்கம் நடந்தாள். அவள் தலைக்குப் பின்னால் நம் லயத்துப் பாதை முழுக்க வெள்ளைக்கொடி கட்டியிருந்தது.

"யாருடி செத்தது?"

உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு போனை அத்தானிடம் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள்.

சனிக்கிழமை விடியலிலேயே போய்விட்டாயாம். நான் விமானத்தில் இருந்தேன். "நான் என்ன செய்ய? அவதான் சத்தியம் வாங்கினா," என்று அத்தான் அழுதார். "தங்கச்சி தெரியாத ஊருல அடுத்தவங்க புள்ளையத் தூக்கிக்கிட்டு நிப்பா, அழுதா அவளத் தேத்த அங்க யாரு இருக்கா, ஷார்ஜா திரும்புனதும் சொல்லுங்கன்னா."

யாரைக் கேட்டு அப்படிச் சொன்னாய்? அழுவதும் அழாததும் என் பாடு இல்லையா? செத்துப்போகிற நேரத்திலும் எனக்கு எது நல்லது என்று நீதான் முடிவு பண்ணவேண்டுமா? அந்தப் பொய்யையும் பச்சைப்பிள்ளை வாயால் சொல்லவைத்தீர்களே.

என் கத்தல் கேட்டு மேடம் ஓடிவந்தார். கட்டிப்பிடித்துக்கொண்டார், அவரும் அழுதார். "முதல்லயே தெரிஞ்சிருந்தா உன்னை அனுப்பியிருப்பேனே," என்றார். நிஜமாகவே அனுப்பியிருப்பாரா? என் பாஸ்போர்ட் அவர் கைப்பையில் இருந்தது. மனசு இரங்கி எடுத்துக் கொடுத்திருப்பாரா, இல்லை, எல்லாம் முடிந்த பிறகு சொல்வது சுலபம் என்று சொன்னாரா? இது எனக்கு இனித் தெரியவே போவதில்லை. கேட்டுப் பார்க்கிற வாய்ப்பையே நீ எனக்கு வைக்கவில்லை.

அன்று ஒரு நாள் என்னைப் படுக்கச் சொல்லிவிட்டு அவர்கள் படகில் போனார்கள். சாயந்தரமே குழந்தை என்னைக் கேட்டு அழுதது, எழுந்து தூக்கிக்கொண்டேன். மறுநாள் திரும்பவும் தள்ளுவண்டி, கருங்கல், படம்.

கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றுகிறது. வந்த புதிதில் இஸ்திரிப்பெட்டியால் கை வெந்து தோல் உரிந்தபோது, நல்லா இருக்கேன் என்றுதான் உன்னிடம் சொன்னேன். உனக்கு ரத்த வாந்தி வந்த அன்றைக்கு, சளிதான் என்று நீ சொன்னாய். ஆறு வருஷமாக ஒருத்தியை ஒருத்தி இப்படியே ஏமாற்றிக்கொண்டிருந்தோம். கவிதாவிடமும், அடுத்த தீபாவளிக்கு வந்துவிடுகிறேன் என்று ஆறு தீபாவளிக்குச் சொல்லியாயிற்று.

உன் கருமாதி முடிந்த அன்று அவள் போனில் கேட்டாள். "அம்மா, உங்களுக்கு ஏதாச்சும் ஆனா எங்கிட்ட உடனே சொல்லுவாங்களா? இல்ல, தூங்குறாங்கன்னு சொல்லுவாங்களா?"



மறுநாளே மேடத்திடம் இனி விசா புதுப்பிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, "கலாஸ், முடிஞ்சது, போ," என்றார். எனக்குப் பதிலாக ஒருத்தி அடுத்த மாதம் வருகிறாள். டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. நேற்று கவிதாவிடம் தேதியைச் சொன்னேன். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். "சரிம்மா," என்றாள். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு என்று போனை வைத்துவிட்டாள்.

அவள் நம்பவில்லை. நீயும் நானும் சேர்ந்து பழக்கிய பழக்கம் அது. அதை மாற்ற இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன். சொன்ன தேதியில் போய் அவள் முன்னால் நிற்பேன். இனி நல்லதோ கெட்டதோ, அவளிடம் உள்ளதை உள்ளபடி சொல்வேன். உன்மேல் சத்தியம்.

கோபம் இன்னும் ஆறாத,
உன் தங்கச்சி,
சரசு