நீ ஒடித்த கை

இன்று காலை சமையலறையில் பிளக் ஒன்று புகைந்தது. ரப்பர் கருகும் வாடை மூக்கில் ஏறியதும், வீட்டில் இத்தனை பேர் இருக்க, உன் பெயரைச் சொல்லித்தான் கத்தினேன். "அவரு போயி ஒரு மாசம் ஆச்சுலா" என்றாள் என் மனைவி.

நாம் இருவரும் கம்பி வேலை பார்த்த மின்சார வாரியத்தை அரசாங்கம் கம்பெனியாக்கப் போகிறது என்று சொன்ன வருடம். ஆளுக்கொரு பாரம் அச்சடித்துக் கொடுத்தார்கள். மாறச் சம்மதம் என்றால் கையெழுத்துப் போட வேண்டும். "ஒருத்தனும் முந்தக் கூடாது. பென்ஷன் என்னாகும்னு எழுத்துல வாங்கிட்டு, எல்லாரும் ஒண்ணா குடுப்போம்" என்று ஸ்டோரில் வைத்துச் சொன்னாய். முதலில் தலையாட்டியவன் நான். மறுநாள் முதலில் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். முந்துகிறவனைத்தான் கம்பெனி வைத்துக்கொள்ளும் என்று எவனோ சொன்னதை நம்பினேன். மூன்று பிள்ளைகள் பள்ளியில். ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கு வேறு யார் வேலை கொடுப்பார்?

விஷயம் தெரிந்த காலையில், நம் லோரிகள் நிற்கும் யார்டிலேயே அடித்தாய். முதல் குத்தில் உதடு கிழிந்தது. அடுத்ததில் பல் ஆடியது.

"எல்லாரையும் வித்துட்டியேடா."

நானும் வேலைக்குப் போடும் கெட்டித் தொப்பியைச் சுழற்றி உன் புருவத்தைப் பிளந்தேன். கண்ணை மூடிக்கொண்டுதான் சுழற்றினேன். வீரம் என்று நினைத்துவிடாதே. சூப்பர்வைசர் வந்து பிரித்தார். "ரெண்டு பேரும் ஒரே லோரில போங்க. திரும்பி வர்றப்ப ஒருத்தனாவது உயிரோட வாங்க."

சூலியா தெருவின் பின்சந்தில் கம்பி மாற்றும் வேலை. கீழே நிற்பவன் பெட்டியிலிருந்து பியூசைக் கழற்றி, கம்பத்தில் ஏறுகிறவன் கையில் கொடுப்பான். மின்சாரம் நின்றதற்கு அத்தாட்சியாக அவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏறுவான். அதுதான் நம் வழக்கம். அன்று நீ லோரியில் பெட்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாய். உன்னிடம் கை நீட்டி வாங்குவதா என்ற ரோஷத்தில் நான் ஏறிவிட்டேன்.

கம்பியைப் பிடித்த கையை விட முடியவில்லை. நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். காய்ந்த மூங்கில் கழியோடு நீ ஓடி வந்ததைப் பார்த்தேன். முதல் அடி முழங்கையில் விழுந்தது. இரண்டாவதில் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கீழே இருந்த சாப்பாட்டுக் கடையின் படுதாவைக் கிழித்துக்கொண்டு மேசைமேல் விழுந்தேன். நீ என் சட்டைப் பைக்குள் கை விட்டாய்.

"வழுக்கத் தலைக்குச் சீப்பு இருக்கு. பியூஸ் எங்கடா?"

இரண்டு அறை விட்டாய், அழுதுகொண்டே.

பியூசைக் கழற்றாமல் ஏறினேன் என்று தெரிந்தால் அன்றே என் வேலை போயிருக்கும். சூப்பர்வைசர் வருவதற்குள் என் கருகிய உள்ளங்கையைக் கைக்குட்டையால் சுற்றினாய். "காலைச் சண்டையோட மிச்சம் சார். நான்தான் கழியால அடிச்சேன்" என்றாய். யார்டே காலையில் பார்த்த சண்டை. நம்பாமல் என்ன செய்வார்கள்? உன்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். உனக்கு வரவேண்டிய போர்மன் பதவி இன்னொருவனுக்குப் போனது. கம்பெனி கடைசியில் எல்லோரையும்தான் எடுத்துக்கொண்டது. என் அவசரமே வீண். அங்கேயும் நீ ஓய்வு பெறும்வரை 'கைய ஒடிச்ச முரடன்'தான். நான் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைகளுக்காக என்று சொல்லிக்கொண்டேன். பிள்ளைகள் படித்து, கல்யாணமாகிப் போன பிறகும் திறக்கவில்லை.

உன் கருமக்கிரியையன்று உன் மகன் எல்லோர் முன்னாலும் என் கோணல் கையைப் பிடித்துக்கொண்டான். "மாமா, அப்பா உங்களுக்குச் செஞ்சதுக்கு நான் மன்னிப்புக் கேக்கிறேன்."

"பரவால்ல தம்பி, அப்பவே மன்னிச்சிட்டேன்" என்றேன். மன்னித்தேனாம், நான்.

கை வலி பழகிவிட்டது. அந்த ஒரு வார்த்தையைத்தான் தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை. நாளை அவன் வீட்டுக்குப் போய், உனக்கு எழுதிய இந்தக் கடிதத்தை அவனையே படிக்கச் சொல்லப் போகிறேன். அவனுக்கும் உன்னைப் போலப் பெரிய கை. அடித்தால் வாங்கிக்கொள்கிறேன்.