தாமதத்துக்குக் காரணம்

3.7.2007
இன்றும் பக்கத்து வீட்டு வசந்தா அக்கா கதவைத் தட்டினார். எங்கள் பைக்குகள் அவர் கணவரின் ஆட்டோவை மறித்து நின்றன. “உங்க மலேசியாவுல வண்டிய தலைமேல ஏத்தி நிறுத்துவாங்களா தம்பி?” என்றார். என்னோடு தங்கியிருக்கும் விஜய் மன்னிப்புக் கேட்டான். கதவைச் சாத்தியதும் அவரைப் போலவே பேசிக் காட்டினான். நான்கு பேரும் சிரித்தோம்.

15.7.2007
டாக்டருக்குப் படிக்க மலேசியாவிலிருந்து இந்த உப்பளம் பகுதிக்கு வந்து இரண்டு வருடம். இந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. ஞாயிறானால் மலேசியக் கூட்டம் – மிளகாய்ச் சம்பால், மைலோ பானம், புறணி. இந்தத் தெருக்காரர்களை ‘ஊர்க்காரன்’ என்கிறோம். மலேசியாவில் எங்களை வந்தேறி என்கிறார்கள். இங்கே வந்ததும் எங்களுக்கு வெளிநாட்டுக்காரன் என்ற திமிர். இதை விஜயிடம் சொன்னதில்லை. அவன் காரில்தானே கல்லூரிக்குப் போகிறேன்.

17.8.2007
வீராம்பட்டினம் கோயில் தேர்த் திருவிழா. விடுமுறை. தெருவே காலி. பாட்டை முழுச் சத்தத்தில் வைத்துச் சீட்டாடினோம். மூன்று மணிக்கு வசந்தா அக்கா வந்து கதவை இடித்தார். ஏதோ கத்தினார், பாட்டில் கேட்கவில்லை. நான்தான் பாட்டை நிறுத்தி, அசையாதீர்கள் என்று சைகை காட்டினேன். “கதவத் தொறங்க தம்பி” என்று இரண்டு முறை கேட்டது. போய்விட்டார். இன்றைய திட்டிலிருந்து தப்பித்தோம்.

18.8.2007
ஆட்டோ காலையிலும் அப்படியே நின்றது. மூலைக் கடைக்காரர் சொன்னார்: வசந்தா அக்காவின் கணவர் இராமதாஸ் அண்ணனுக்குப் பக்கவாதம். நேற்று மூன்று மணிக்கு. இடது பக்கம் விழுந்துவிட்டது. வாசலில் ஆட்டோ இருக்கிறது, ஓட்டுகிறவர் தரையில் கிடக்கிறார். மற்ற ஆட்டோக்கள் எல்லாம் தேருக்குப் போயிருந்தன. அந்த அம்மாள் மெயின் ரோடு வரை ஓடி, ஒரு வண்டியைப் பிடித்து, கூட்டத்தைத் தாண்டி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது ஆறரை.

கார் சாவி சீட்டுக்கட்டு பக்கத்துலதான் கெடந்துச்சு. நான் எதுக்குக் கைய காட்டுனேன்? எதுக்கு?

“நமக்கு எப்படிடா தெரியும்? யாரும் வாயத் திறக்காதீங்க” என்கிறான் விஜய்.

19.8.2007
வாயைத் திறக்கவில்லை.

24.8.2007
வார்டு வகுப்பு. பேராசிரியர் எனக்குக் காட்டிய படுக்கையில் இராமதாஸ் அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வசந்தா அக்கா. விவரம் கேட்டு எழுத வேண்டியவன் நான். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது? மூன்று. வந்து சேர்ந்தது? ஆறரை. ஏன் தாமதம் என்று கேள் என்றார் பேராசிரியர்.

கேட்டேன். நானே கேட்டேன்.

“வண்டி கெடைக்கல சார்” என்றார் அக்கா, பேராசிரியரைப் பார்த்து. “பக்கத்து வூட்டுப் புள்ளைங்ககிட்ட காரு இருக்கு. அன்னிக்கு அவங்க ஊர்ல இல்ல.”

தாமதத்துக்குக் காரணம்: வாகனம் கிடைக்கவில்லை. அப்படித்தான் எழுதினேன். மூன்று மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட்டுப் பார்த்திருக்கலாம் என்று பேராசிரியர் எல்லோருக்கும் விளக்கினார். என் குறிப்பு தெளிவாக இருக்கிறது என்று பாராட்டினார்.

எல்லோரும் போனபின் திரும்பி வந்து கட்டிலருகே நின்றேன். போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டே அக்கா மெதுவாகச் சொன்னார்: “நான் தட்டினப்புறந்தான் பாட்டு நின்னுச்சு தம்பி. அத சொன்னா எங்கண்ணன் வந்து உங்கள அடிப்பாரு. உங்கள அடிச்சா இவரு கை தூக்கிடுவாரா?”

மன்னிப்பு என்ற சொல் வாய் வரை வந்தது. விஜய் அன்றைக்குப் பைக்குக்காகக் கேட்டானே, அதே சொல். விழுங்கிவிட்டேன்.

2.9.2007
விஜயும் மற்ற இருவரும் வேறு வீட்டுக்குப் போகிறார்கள். இங்கே தண்ணீர் சரியில்லையாம். நான் வரவில்லை என்றேன். “தியாகியா நீ?” என்றான். இல்லை. போனால் இன்னொரு முறை ஒளிந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

16.9.2007
இராமதாஸ் அண்ணன் வீடு திரும்பினார். அக்காவின் அண்ணனும் நானும் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்தோம். முதல் முறையாக அந்த வீட்டுக்குள் போனேன். இராமதாஸ் அண்ணன் வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, குழறிக் குழறிச் சொன்னார்: “அன்னிக்கு மட்டும் நீங்க வூட்ல இருந்திருந்தா, என்னத் தூக்கிப் போட்டுக்கினு பறந்திருப்பீங்க. இல்ல தம்பி?”

வசந்தா அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஆமாண்ணே” என்றேன்.