சிலுப்பாத சேவல்

கொதிக்கிற மணலில் தண்ணீர் விழுந்தால் ஒரு வாசம் வருமே, அது இப்போது வந்துகொண்டிருக்கிறது. மழை இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் மோட்டார் சைக்கிள் கழுவுகிறான், அவ்வளவுதான். தண்ணீர் வேலிக்கடியில் ஓடிவந்து நம் கோழிக்கொட்டாய்ப் பக்கம் மணலில் இறங்கியது. உடனே திரும்பிப் பார்த்துவிட்டேன், நீ நிற்கிறாயா என்று. நீ போய்விட்ட செய்தி என் மூளைக்கு இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்கோடு நிற்கிறது.

உட்கார்ந்து எழுதலாம் என்றால் உட்காரவும் முடியவில்லை. இந்த வருடம் நம் ஐந்தாம் படிவம், பள்ளியின் கடைசி வருடம். நான் மட்டும் எழுதப்போகும் தேர்வு. சரித்திரப் புத்தகத்தைத் திறந்தால் மூடத் தோன்றுகிறது, மூடினால் கால் தானாகக் கொல்லைக்குப் போகிறது. "உக்காருற எடத்துல என்னடி, கட்டெறும்பா?" என்று என் அம்மா கேட்டுவிட்டார். கட்டெறும்பாக இருந்தால் தட்டிவிடலாம். இது நீ.

எஸ்டேட்டை விற்றதும் நம் இரண்டு குடும்பத்தையும் இங்கே கொண்டுவந்து குடிவைத்தபோது நமக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதுகூட ஆகவில்லை. பத்து காஜா டவுனுக்கும் கோப்பெங்குக்கும் நடுவில், சுரங்கக்காரர்கள் ஈயத்தை எடுத்துக்கொண்டு சக்கையாகத் துப்பிப் போட்ட வெள்ளை மணல். அதன் மேல் வரிசை வீடுகள், உன் வீடும் என் வீடும் ஒரே வேலிக்கு இரு பக்கம். பெயரோ தாமான். மலாயில் பூந்தோட்டம். "தோட்டத்துலருந்து கெளம்பி தோட்டத்துக்கே வந்துருக்கோம் லா. வர்ற அவசரத்துல மரத்த மட்டும் மறந்துட்டோம்" என்பாய். நிழல் என்று இங்கே எதுவும் கிடையாது. மழை பெய்யாத ஊரும் இல்லை இது. பெய்கிற மழையை மணல் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, அப்புறம் என்ன என்பது போலப் பார்க்கும். பூகோளப் பாடத்தில் பாலைவனம் வந்த அன்று நீ கையைத் தூக்கி, "டீச்சர், நாங்க அங்கதான் இருக்கோம்" என்று சொல்லி வெளியே நின்றாய். சிரித்ததற்காக நானும் நின்றேன்.

அந்தப் பாலைவனத்தில்தான் கோழி வளர்ப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாய். முதலில் வாங்கிவந்த குஞ்சுகள் ஒரே மதிய வெயிலில் செத்துப்போயின. நீ அழவில்லை. உனக்குக் கோபம் வந்தது, மணல் மேல். ஒன்றே ஒன்று மட்டும் அலகைத் திறந்துகொண்டு கிடந்தது. அதை ஈரத் துண்டில் சுற்றி, குளியலறைச் சிமெண்டுத் தரையில் வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாய். அதுதான் கெத்துவா. மலாய் 'கெத்துவா'வுக்குத் தலைவன் என்று அர்த்தம். "தமிழ்லயும் சரியாத்தான் இருக்கு. கெத்தா வா!" என்று நீயே பெயர் சூட்டினாய்.

அதற்குப் பிறகு நாம் மணலோடு மல்லுக்கட்டக் கற்றுக்கொண்டோம். விற்பனை முடிந்த கடைப் பேனரைக் கட்டி நிழல். அதில் ஒரு பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பாள், அவள் முகத்துக்குக் கீழே நம் கோழிகள். ஊறவைத்த தேங்காய் மட்டையை மணலில் புதைத்து அதன் மேல் அவற்றைப் படுக்க விடுவது. தீனி வெயிலுக்கு முன்னால் மட்டும். அப்புறம் அந்த சிரப் போத்தல். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மதியம் இரண்டு மணிக்கு ஒவ்வொரு கோழிக்கும் இறக்கையைத் தூக்கி அடியில் தண்ணீர் தெளிப்பாய். பிறகு வாங்கிச் சேர்த்த பெட்டைகள் ஊரைக் கூட்டும். கெத்துவா மட்டும் தானே வந்து நிற்பான். குஞ்சிலிருந்தே ஈரத்தில் வளர்ந்தவன். இறக்கையை அகல விரித்து, கண்ணை மூடி, சலூன் நாற்காலியில் சாய்ந்த பெரிய மனிதர் மாதிரி. ஒரு வாளியையே கவிழ்த்தாலும் உடம்பைச் சிலுப்ப மாட்டான்.

இதை நான் ஏன் விலாவாரியாகச் சொல்கிறேன் என்பது உனக்குத் தெரியாது. அதற்குக் காரணம் நீ போன பிறகு நடந்தது.

உன் ரத்தத்தில் புற்று என்று சொன்ன நாளில் உன் அம்மா ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பழைய எஸ்டேட்டு முனியாண்டி கோயிலுக்குப் போனார். நீ எழுந்து வீட்டுக்கு வந்தால் கெத்துவாவை முனியாண்டிக்கே பலி கொடுப்பதாக நேர்ந்துகொண்டார். உனக்கு முடி கொட்டியது. கோழி இறகு உதிர்க்கும் பருவத்தை நீ எனக்குக் கற்றுக்கொடுத்தவள் அல்லவா, வார்டுக் கட்டிலில் தலையைத் தடவிக்கொண்டு, "நானும் எறகு உதுக்குறேன் லா. முட்ட போடுறது கொஞ்ச நாளைக்கு நிறுத்தம்" என்றாய். நர்ஸ் அக்கா மருந்துத் தட்டோடு நின்று சிரித்தார்.

அப்புறம் நீ வீட்டுக்கு வந்தாய். நிஜமாகவே எழுந்து, நடந்து, வந்தாய். முனியாண்டி தன் பங்கை முடித்துவிட்டார், இனி கெத்துவாதான் பாக்கி. உன் அம்மா மஞ்சள் துணி எல்லாம் எடுத்து வைத்துவிட்டார். நீதான் மறித்துக்கொண்டு நின்றாய்.

"ம்மா, அவன குடுத்துட்டு நான் எப்படிம்மா அந்தக் கொட்டாயப் பாக்குறது? கொஞ்ச நாள் போகட்டும்மா."

"சாமி விசயம்டி."

"சாமிக்கு என்ன அவசரம்? அவருதான் சாவ மாட்டாரே."

உன் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நாள் போகட்டும் என்றார். கொஞ்ச நாள் போனது. நீ மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வரவில்லை.

அதற்கப்புறம் உன் அம்மா கொல்லைக் கதவையே திறக்கவில்லை. வேலி தாண்டி வந்து தீனி வைப்பதும் தண்ணீர் தெளிப்பதும் என் வேலை ஆனது. கெத்துவா கூவும்போதெல்லாம் உங்கள் வீட்டில் ரேடியோ சத்தம் கூடும். ஒருநாள் உன் அம்மா என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது சமையல்கட்டு வழியாகக் கேட்டது: "நேந்தத குடுக்காம வச்சிருந்தேன்க்கா. அதான் அவரு எடுத்துக்கிட்டாரு. ஒரு சேவலுக்குப் பாவம் பாத்து பொண்ணக் குடுத்துட்டேன்."

என் அம்மா ஏதேதோ சொல்லிப் பார்த்தார். உன் அம்மா கேட்கவில்லை. முனியாண்டி கோயில் பூசை அன்று கெத்துவாவைக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். கொடுத்தாலாவது முனியாண்டி தன்னை மன்னிக்கட்டும் என்று.

எனக்கு அன்றிலிருந்துதான் இந்தக் கட்டெறும்பு. அந்தக் கோயில் முறை உனக்குத் தெரியும். வெட்டுவதற்கு முன் சேவல் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டார், ஏற்றுக்கொண்டார். சிலுப்பாவிட்டால் சாமி கோபத்தில் இருக்கிறார், குற்றம் தீரவில்லை. கெத்துவா சிலுப்ப மாட்டான். அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், உன் அம்மாவுக்குத் தெரியாது. சொன்னால், சாமி காரியத்தில் விளையாடுகிறேன் என்பார். ஊரில் என் பேர் அப்படி. பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக் கேட்டில் 'முட்டை இலவசம்' என்று எழுதி ஒட்டியது நாம்தானே? எழுதியது நீ, மாட்டியது நான்.

பூசை அன்று உன் அம்மாவை என் மோட்டார் சைக்கிளில்தான் கூட்டிப் போனேன். எங்கள் இருவருக்கும் நடுவில், கூடையில் கெத்துவா. வழியெல்லாம் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டம். பாதி வழியில் தைரியம் வந்தது.

"ஆண்ட்டி, இவன் சிலுப்ப மாட்டான்!"

"என்ன?"

"சிலுப்ப மாட்டான் ஆண்ட்டி! பழக்கம்!"

"காத்துல ஒண்ணும் கேக்கல. ரோட்டப் பாத்து ஓட்டு லா!"

வந்த தைரியம் காற்றோடு போய்விட்டது.

பூசாரி அண்ணன் செம்பை எடுத்தார். ஊற்றினார். கெத்துவா கண்ணை மூடினான். மறுபடி ஊற்றினார். இறக்கையை விரித்து இன்னும் கொஞ்சம் என்பது போல நின்றான். பூசாரி அண்ணன் செம்பையே கவிழ்த்தார். நம்ம ஆள் சுகமாக உட்கார்ந்தேவிட்டான்.

"குத்தம் இருக்கும்மா. வாங்க மாட்டேங்குறாரு" என்றார் பூசாரி அண்ணன், மெதுவாகத்தான்.

உன் அம்மா அழவில்லை. நடைவழியில் கைப்பை தவறிப்போனவர் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வாய் திறந்துவிட்டது.

"குத்தமும் இல்ல, கோவமும் இல்ல! நானும் உங்க மகளும் தெனமும் ரெண்டு மணிக்குத் தண்ணி அடிப்போம் ஆண்ட்டி!"

மரத்தடியில் நின்ற ஆண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். "பொம்பளப் புள்ளங்களா!" என்று யாரோ நெஞ்சில் கைவைத்தார்.

"ஐயோ, கோழிக்கு! கோழி மேல! வெயிலுக்கு!"

சிரிப்பு கிளம்பி, இடம் உணர்ந்து அடங்கியது. உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து, "யாரு, என் புள்ளையா?" என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஈரத் துண்டு, சிமெண்டுத் தரை, ஆணி, ஓட்டை, இறக்கைக்கு அடியில். உன் அம்மா அப்போதெல்லாம் தொழிற்சாலை ஷிப்டில் இருப்பார், எதையும் பார்த்ததில்லை. கேட்டுவிட்டு பூசாரி அண்ணன் கையிலிருந்து செம்பை வாங்கி நிரப்பிக்கொண்டு வந்தார்.

"எப்படி ஊத்துவா? காட்டு."

காட்டினேன். இடது இறக்கை முதலில். உன் அம்மா ஊற்றினார். கெத்துவா கழுத்தை நீட்டி அவர் மணிக்கட்டில் அலகை வைத்துக்கொண்டான்.

"அப்ப சாமி என்ன சொல்லுறாரு அண்ணே?" என்று நிமிராமலே கேட்டார்.

பூசாரி அண்ணன் தலையைச் சொறிந்தார். "தெரியலம்மா. எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு பாஷ மட்டுந்தான். அதயும் உங்க பொண்ணு கெடுத்து வச்சிருக்கு."

உன் அம்மா எழுந்து முனியாண்டிக்கு நேராக நின்றார். "கொண்டுவந்துட்டேன். ஊர் பாக்க நிறுத்திட்டேன். எடுத்துக்குறதுன்னா இப்ப எடுத்துக்க" என்றார். கொஞ்ச நேரம் நின்றார். கெத்துவா தன் ஈரத்தைத் தானே ரசித்துக்கொண்டிருந்தான். உன் அம்மா அவனைத் தூக்கிக் கூடையில் வைத்து, "வண்டிய எடு" என்றார். யாரும் மறிக்கவில்லை.

குற்றம் எல்லாம் கரைந்துவிட்டது என்று உனக்குக் கதை விட மாட்டேன். சில நாள் உன் அம்மா பேசுவதேயில்லை. ஆனால் கொல்லைக் கதவு திறந்திருக்கிறது. ஷிப்டு இல்லாத நாளில் இரண்டு மணிக்கு வருகிறார், தண்ணீர் தெளிக்கிறார், என்னைப் பார்த்து "இன்னிக்கு என்ன?" என்கிறார். உன்னைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம் இப்போது. பூகோள டீச்சர் கதையைச் சொல்லிவிட்டேன். கேட்டில் ஒட்டிய கதையைச் சொல்லி திட்டும் வாங்கிவிட்டேன், உன் பங்கையும் சேர்த்து. கையிருப்பு தீர்ந்துவருகிறது. நேற்று ஒன்றைச் சொந்தமாகத் தயாரித்துச் சொன்னேன். உன் அம்மா கேட்டு முடித்துவிட்டு, "இது நீயா விட்டது. பரவால்ல, இன்னொண்ணு விடு" என்றார்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

நீ இரண்டாம் முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, உன் அம்மா தண்ணீர் வாங்கக் கீழே இறங்கியிருந்தார். நீ கூரையைப் பார்த்துக்கொண்டே, "அவன குடுத்திருக்கலாமோ? நான் அம்மாவ தடுத்திருக்கக் கூடாதோ?" என்று கேட்டாய். எதற்கும் பதில் வைத்திருக்கிற நான், "போடி லூசு" என்றேன். போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த உன் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லிப்டு சத்தம் கேட்டதும், "அம்மாகிட்ட சொல்லிறாத" என்றாய்.

ஆண்ட்டி வேலிக்கு அந்தப் பக்கம் செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்கிறது. மணி இரண்டு. நான் எழுந்திருக்க வேண்டும், அவர் கேட்பதற்குள் வேறு ஏதாவது ஒரு கதை தயாராக வேண்டும்.