நீங்கள் நம்பாத ஆஃப்

நேற்று சாயங்காலம் கரண்டு போனதும் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு வயரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றாள். இரண்டு முனையிலும் பிளக். "மாமி, ஒரு முனைய உங்க இன்வெர்ட்டர்ல குத்தட்டா? மறுமுனைய எங்க வீட்டு பிளக்குல குத்துனா லைட்டு எரியும் ஆக்கும்" என்றாள். வயரைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். அவளுக்குக் கோபம். இருக்கட்டும், தானாக ஆறும். உங்களிடம் அல்லாமல் இதை யாரிடம் சொல்வேன்.

லைன்மேனுக்கு வாழ்க்கைப்பட்டு நான் அதிகம் கேட்ட சொல் ஆஃப். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் "எட்டி, இன்னைக்கு மூட் ஆஃபா?" என்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஆஃப். அன்றைக்கும் ஆபீசிலிருந்து ஆள் வந்து கூட்டிப்போவான். கள்ளுக்கடையில் நினைவில்லாமல் கிடக்கும் சேக்காளியைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்து "இவன் ஆஃப் ஆயாச்சு" என்று சிரிப்பீர்கள். அப்படி விளையாட்டாகச் சொல்லித் திரிந்த சொல்லைப் போஸ்ட் அடியில் மட்டும் நம்ப மாட்டீர்கள். "ஆபீசுல லைன் ஆஃப்னு சொல்லுவாவ. அது அவியளுக்கு ஆஃப். டெஸ்டர் வச்சுப் பாத்தபெறவுதான் எனக்கு ஆஃப்."

நம் ஊர் அப்படி. ஊருக்கு நடுவிலேயே மாநில எல்லை. வேலிக்கு இந்தப்புறம் கேரளத்துக் கரண்டு, அந்தப்புறம் தமிழ்நாட்டுக் கரண்டு. தொண்ணூறுகளில் இங்கே சாயங்காலமானால் பவர் கட். அண்ணன் வீடு இருண்டால், வேலிக்கு அப்பால் தங்கை வீட்டிலிருந்து வயரை இழுத்துப் பிளக்கில் குத்துவார்கள். மெயினை அணைக்க வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றாது. நீங்கள் வீடுவீடாகப் போய்த் தொண்டை வறளச் சொன்னீர்கள். "அந்தக் கரண்டு உங்க வீட்டோட நிக்காது. லைன்ல ஏறி போஸ்டுக்கு வரும். ஒரு நாளு ஆளக் கொல்லும், கேட்டுக்கிடுங்க." அவர்கள் சிரித்தார்கள். ஊரார் வீட்டில் வெளிச்சம் கண்டால் லைன்மேனுக்குப் பொறுக்கவில்லை என்று என் காதுபடவே பேசினார்கள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிழக்கேவீட்டுப் பெண்ணுக்கு மறுநாள் கல்யாணம். மத்தியானம் அடித்த காற்றில் தென்னைமட்டை விழுந்து அவர்கள் வீட்டருகே லைன் அறுந்தது. உங்களுக்கு அன்று ஆஃப். சோற்றுக்கு முன்னால் இருந்தவர் எழுந்துவிட்டீர்கள்.

"போவாதீங்க, வேற ஆளு வரட்டு."

"கல்யாண வீடாக்கும் பிள்ளே. இப்ப வாறேன்."

மட்டையை வெட்டி மாற்றவே சாயங்காலமாகிவிட்டதாம். டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறினீர்களாம். லைன் செத்துத்தான் கிடந்ததாம். கூட நின்றவர் பிறகு சொன்னார். நீங்கள் மேலே இருக்கும்போது இருட்டத் தொடங்கியிருக்கிறது. பந்தலுக்கு வெளிச்சம் வேண்டுமென்று யாரோ வேலிக்கு அப்பாலிருந்து வயரை இழுத்துக் குத்திவிட்டார்கள்.

நான் முற்றத்தில் நின்றேன். கல்யாண வீட்டில் பல்பெல்லாம் சேர்ந்து எரிந்தது. பிள்ளைகள் கூவியது இங்கே வரைக்கும் கேட்டது. நம் வீடு இருட்டாகவே கிடந்தது. அது ஏன் என்று எனக்கு உறைக்கவில்லை. இனி வந்துவிடுவீர்கள் என்ற சந்தோஷத்தில், ஆறிப்போன மீன்குழம்பை அடுப்பில் ஏற்றினேன். அது கொதிக்கும் முன்பே பிள்ளைகளின் கூவல் நின்று, பெரியவர்களின் அலறல் கேட்டது.

அந்தப் பெண்ணின் கல்யாணம் வேறொரு நாளில் நடந்தது. நான் போகவில்லை.

இப்போதும் கரண்டு போனால் என்னால் வீட்டுக்குள் இருக்க முடியாது. டார்ச்சை எடுத்துக்கொண்டு, எவராவது வயர் குத்தியிருக்கிறார்களா என்று வீடுவீடாகப் போய்க் கேட்கிறேன். கிழவிக்கு வேறு வேலையில்லை என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

நேற்றும் போனேன். வளைவிலுள்ள போஸ்டில் புதிதாக வந்த லைன்மேன் ஏறியிருந்தார். அவருக்கு என்னைத் தெரியாது. "அம்மச்சி, லைன் ஆஃபாக்கும். பயப்படாண்டாம், வீட்டுக்குப் போங்க" என்று மேலேயிருந்து சொன்னார். சரி மக்கா என்றேன். ஆனால் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் வயரை இடுப்பில் செருகிக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடியே நின்றேன். அவர் இறங்கித் தரையில் கால் வைத்த பிறகுதான் எனக்கு அது ஆஃப்.