சுவர் தாண்டிய மாங்கிளை

மே 12, செவ்வாய்.

கல்யாண வீடென்றும் பாராமல் என் வீட்டு மாங்கிளையை வெட்ட விடவில்லை என்று தெருவில் என்னைப் பற்றிப் பேசுகிறார்கள். அது தவறு. வெட்ட வேண்டுமானால் எழுதிக் கொடுங்கள் என்றுதான் கேட்டேன். கான்வென்ட்டில் ஒரு நாள் விடுப்புக்கும் எழுதிக் கொடுத்து வளர்ந்தவள் நான்.

பந்தலுக்கு இடைஞ்சல் என்று பக்கத்து வீட்டுப் பொன்னுசாமி காலையில் சுவரில் ஏணி சாத்தியிருந்தார். நான் கேட்டதும் அரிவாளோடு இறங்கிவிட்டார்.

“ஏனுங்க டீச்சரம்மா, முப்பது வருசமா செவுத்து மேலயே பேசிக்கிட்டோம். இப்பக் கடுதாசி வேணுங்களா?”

அவ்வளவுதான். கிளையைத் தொடாமல், பந்தலை ஒரு பக்கம் குறைத்துப் போட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் அவர் மனைவி சரசு இளைய பெண்ணின் கல்யாணப் பத்திரிகை வைக்கக் கிளம்பினாள். மூத்த பெண்ணின் கல்யாணத்துக்குத் தெருவில் முதல் பத்திரிகை எனக்குத்தான் வந்தது. அப்போதும் நான் விதவைதான். அதை அவள் பார்க்கவில்லை. இன்று என் கேட்டைத் தாண்டிப் போய் எதிர் வீட்டில், “குடும்பத்தோட வந்துருங்க சாமி” என்றாள். எனக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னாளோ? நான் வாசல் விளக்கை அணைக்கவில்லை. தட்டோடு திரும்பும்போதும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கல்யாணப் பெண்ணுக்கு ஏ, பி, சி கற்றுக்கொடுத்ததே நான்தான்.

தூக்கம் வராது. காலையில் கொடுத்தனுப்ப இதை எழுதி வைக்கிறேன்.

திரு. பொன்னுசாமி அவர்களுக்கு, கிளையை வெட்டிக்கொள்ளலாம். ரம்பத்தால் அறுக்கவும், அரிவாளால் கொத்த வேண்டாம். இலைகளைத் தோரணத்துக்கு வைத்துக்கொள்ளவும். கல்யாணத்துக்கு நான் வரலாமா என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கவும்.